பத்து நாள் விபஸ்ஸனா: ஓய்வு தேடுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள்

இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள் 'ஒரு பிரேக் வேண்டும்' என்று போட்டு வைத்திருக்கும் பட்டியலில் ரிஷிகேஷ் யோகா, கேரளத்து எண்ணெய்ச் சிகிச்சை, ஆரோவில் ஆகியவற்றோடு விபஸ்ஸனா என்கிற பத்து நாள் மௌனத் தியான முகாமும் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததில் வியப்பில்லை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் கட்டணம் கிடையாது. போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பத்து நாள் வாய் திறக்காமல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்தும் இருக்கிறது.

ஒரு சேவை என்ற கணக்கில் மட்டும் பார்த்தால், சொன்னதைச் சொன்னபடி தருகிற இடம் இது. விளம்பரம் இல்லை, மறைமுகக் கட்டணம் இல்லை, நேர அட்டவணை ஐந்து நிமிடம்கூடப் பிசகாது. தகராறு எங்கே வருகிறது என்றால், போகிறவர்கள் கேட்பதும் அங்கே கிடைப்பதும் வேறு வேறு. இவர்கள் கேட்பது ஓய்வு. அங்கே கிடைப்பது நாளுக்குப் பத்தே முக்கால் மணி நேர வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அது வேலையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின் என்பவரிடம் ஒற்றைத் தலைவலிக்கு விடிவு தேடிப் போன மாண்டலே வணிகர் எஸ்.என்.கோயங்கா, 1969-இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். நாசிக் மாவட்டம் இகத்புரியில் உள்ள தம்மகிரியில் 1976 முதல் முகாம்கள் நடக்கின்றன. கோயங்கா 2013-இல் காலமானார். ஆனாலும் இன்று வரை எல்லா மையங்களிலும் ஒலிப்பது அவர் குரல்தான். பாடம், இரவு உரை எல்லாமே ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு. நேரில் இருக்கும் உதவி ஆசிரியர் சந்தேகம் தீர்ப்பார், புதிதாக எதுவும் சொல்லித்தர மாட்டார். அதனால் எந்த மையத்துக்குப் போனாலும் பாடம் ஒன்றே. மாறுவது அறை, தண்ணீர், வெயில், சாம்பார் இவை மட்டும்தான்.

தமிழ்நாட்டில் உள்ள நிலையான மையங்களில் இரண்டைச் சொன்னால், சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமம் பக்கத்தில் தம்ம மதுரா. பக்கத்து ஊர்களைச் சொன்னால் செங்கன்னூர் அருகே தம்ம கேதனா, பெங்களூரில் தம்ம பபுல்லா. இலங்கைத் தமிழர்களுக்கு பேராதனைக்கு மேலே மலையில் இருக்கும் 'தம்ம கூட' என்ற மையம் வசதி. பருவம் பார்த்துப் போவது நல்லது. சென்னை மே மாத வெயிலில் மதியம் 1 மணிக்கு அறையில் உட்காருவது தனித் தண்டனை. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் இதமாக இருக்கும், விடியற்காலைக்கு ஒரு போர்வை வேண்டும். இகத்புரியில் மழைக்காலம் போனால் துவைத்த துணி காயவே காயாது.

இடம் பிடிப்பது

தம்மா டாட் ஆர்க் தளத்தில் மையத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஆண், பெண், புதியவர், பழைய மாணவர் (ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்) என இடங்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். ஆண்களுக்கு நிரம்பிவிட்டது என்பதால் பெண்களுக்கும் நிரம்பியிருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உறுதிக் கடிதம் வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிப் பலர் அதோடு மின்னஞ்சல் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். முகாமுக்கு முன் 'வருகிறீர்களா' என்று இன்னொரு முறை கேட்பார்கள். அதற்குப் பதில் போடாவிட்டால் உங்கள் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். இந்தக் கடிதங்கள் ஸ்பேம் பெட்டிக்குள் விழுவதும் உண்டு.

விடுப்புக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். பெயர் பத்து நாள், நாட்காட்டியில் அடைக்கும் தேதி பன்னிரண்டு. பூஜ்ஜியம் நாள் பிற்பகலில் வந்து பதிந்து, பதினொன்றாம் நாள் காலை 7 மணிவாக்கில் முடிகிறது. புதன்கிழமை தொடங்கினால் அடுத்த வாரம் முழுவதும் போய், ஞாயிறு காலையில் வெளியே வரலாம். ஐந்து நாள் வேலை வாரம் உள்ளவர்களுக்கு எட்டு நாள் விடுப்பு. ஞாயிறு இரவு பஸ் ஏறி திங்கள் காலை லாகின் செய்கிற திட்டம் வேண்டாம். முடிந்தால் திங்களையும் சேர்த்து ஒன்பதாகப் போடுங்கள். திரும்பும் ரயிலை அன்று முற்பகலில் போடாதீர்கள். அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டு, பொருள்களைத் திரும்ப வாங்கி, சேர்ந்து இருந்தவர்களிடம் முதல்முறையாகப் பேசிவிட்டுக் கிளம்ப நேரம் ஆகும்.

விண்ணப்பத்தில் உடல்நோய், மனநோய், மாத்திரைகள், குடி, போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார்கள். இளைஞர்கள் பொய் எழுதுவது இந்தப் பக்கத்தில்தான். 'ஆன்டி-டிப்ரஸன்ட் எடுப்பதாகச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள்' என்று மறைக்கிறார்கள். இன்னும் மோசம், முகாமுக்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது. திடீரென நிறுத்தினால் வரும் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கெடுதல் எல்லாம் மௌனத்துக்கு நடுவே வந்து நின்றால் அது தியானத்தால் வந்ததா மருந்தை நிறுத்தியதால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இருமுனை மனநோய், மனச்சிதைவு, சமீபத்தில் வந்த கடும் மனச்சோர்வு இருப்பவர்கள் போகவே கூடாது. காதல் முறிந்து இரண்டு வாரம் ஆகிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிற நிலையில் இருப்பவர்களும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தீவிரத் தியானத்துக்குப் பிறகு மனநிலை குலைந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் ஆசிரியர் தியானம் தெரிந்தவர், மனநல மருத்துவர் அல்லர்.

எடுத்துப்போவது

தளர்வான பருத்தித் துணி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டால் முழங்கால் பின்புறம் மடிப்பு அழுத்தியே கால் மரத்துவிடும். லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ், கையில்லாத மேல்சட்டை அனுமதி இல்லை. பெண்கள் துப்பட்டாவோ சால்வையோ எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டார்ச், குடை, வாளியில் துவைக்கிற சோப்பு, கொடிக்கயிறு, கிளிப். மணி அடிக்கும் என்றாலும் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் தேவை. ஸ்மார்ட் வாட்ச் கூடாது, அதுவும் போனோடு உள்ளே போய்விடும். வாசனை எண்ணெய், பாடி ஸ்பிரே வேண்டாம், பக்கத்தில் மூக்கு நுனியையே கவனித்துக்கொண்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கொசுவுக்கு ஓடோமாஸ் தடவலாம். கொசு அடிக்கிற பேட் எடுத்துப் போக முடியாது. உயிர்க்கொலை கூடாது என்பது முதல் விதி. கையால் அடிப்பதும் விதிமீறல்தான்.

ருத்திராட்சம், தாயத்து, கல் மோதிரம், ஜெபமாலை எதுவும் உள்ளே அனுமதி இல்லை. இப்போது ஊரில் பாதிக் கழுத்துகளில் தொங்கும் கருங்காலி மாலையும் இதில் அடங்கும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது மேல். பதிவு மேசையில் நின்று வாதாடுகிறவர்களால் வரிசைதான் நீளும். புத்தகம், நோட்டு, பேனா, நொறுக்குத் தீனி, பாட்டுக் கேட்கும் கருவி எல்லாம் அதே கதை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பன்னிரண்டு நாளுக்குக் கணக்குப் போட்டு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு உணவு இல்லாததைப் பற்றி முன்கூட்டியே எழுதி, என்ன ஏற்பாடு என்று பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு நாள் எப்படி ஓடுகிறது

காலை 4 மணிக்கு எழுப்பு மணி. 4.30 முதல் 6.30 வரை தியானம், 6.30-க்குச் சிற்றுண்டி. 8 முதல் 9 வரை எல்லோரும் சேர்ந்து கூடத்தில். அடுத்து 11 வரை கூடத்திலோ அறையிலோ. 11-க்கு மதியச் சாப்பாடு. 12 முதல் 1 வரை ஓய்வு, அல்லது பெயர் கொடுத்திருந்தால் ஆசிரியரைத் தனியாகச் சந்திக்கலாம். 1 முதல் 5 வரை மறுபடி தியானம், இடையில் 2.30 முதல் 3.30 வரை கூட்டு அமர்வு. 5 மணிக்கு டீ, பழம், பொரி. புதியவர்களுக்கு அன்றைய கடைசி உணவு அதுதான். பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். 6 முதல் 7 வரை கூட்டு அமர்வு, 8.15 வரை இரவு உரை, 9 வரை மீண்டும் தியானம், 9.30-க்கு விளக்கணைப்பு.

உரையைத் தமிழிலும் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே மொழியைக் குறித்துவிடுங்கள். ஆங்கில உரையில் கோயங்காவின் நகைச்சுவை நேரடியாகக் கிடைக்கும், தமிழில் பொருள் தெளிவாகக் கிடைக்கும். 1 மணிக்குத் தூங்கி 9 மணிக்கு எழுகிறவர்களுக்கு முதல் இரண்டு இரவு தூக்கமே வராது, காலை 5 மணிக்குக் கூடத்தில் தலை தொங்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பழகினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா: மூக்கு வழியே போய் வரும் மூச்சைக் கவனிப்பது. மூச்சை இழுத்து விடுகிற பிராணாயாமம் இல்லை, தானாக ஓடுவதைப் பார்ப்பது மட்டும். நாளாக ஆக, பார்க்கும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே உள்ள ஒரு விரல் அகல இடத்தில் என்ன உணர்வு இருக்கிறது என்று தேடச் சொல்கிறார்கள். அரிப்பு, சூடு, ஈரம், துடிப்பு, எதுவானாலும் சரி. சலிப்பூட்டுகிற வேலைதான். ஆனால் மூன்று நாளில் கவனம் கூராகிறது என்பது பெரும்பாலானவர்களுக்குப் பட்டென்று தெரியும், அதுவரை உணராத இடத்தில் மூச்சு படுவது தெரியத் தொடங்கும். நான்காம் நாள் பிற்பகல் விபஸ்ஸனா: உச்சந்தலை முதல் பாதம் வரை உடம்பின் உணர்வுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது, இனிமையானதை நீட்டிக்க நினைக்காமலும், வலியை விரட்ட நினைக்காமலும். அன்று முதல் நாளுக்கு மூன்று கூட்டு அமர்வுகளும் அதிட்டானம். ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை பிரிக்காமல், கால் மாற்றாமல் உட்கார வேண்டும்.

நான்காம் நாளுக்கு முன்னே கிளம்பிவிடுகிறவர்கள் மூச்சுப் பயிற்சியைப் பார்த்துவிட்டு விபஸ்ஸனாவைக் குறை சொல்கிறார்கள். அது டிரெய்லருக்கு விமர்சனம் எழுதுவது மாதிரி.

எங்கே இடிக்கிறது

இரண்டாம் நாள் தலைவலி. 'நச்செல்லாம் வெளியேறுகிறது' என்று பலர் நம்பிக்கொள்கிறார்கள். நாளுக்கு நான்கு காபி குடித்தவருக்கு அது கபீன் நின்றதன் தலைவலி. நிறுத்தி ஒரு நாளில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் வரைகூட நீடிக்கும். புறப்படும் முன் ஒரு வாரத்தில் நான்கை மூன்றாக்கி, இரண்டாக்கி, ஒன்றாக்கிவிட்டால் முடிந்தது கதை. சிகரெட்டும் அப்படித்தான். புகையிலை எந்த வடிவத்திலும் கூடாது. நிக்கோட்டின் ஏக்கம் முதல் மூன்று நாள்தான் உச்சத்தில் இருக்கும், அதாவது ஆனாபானா நாட்கள் முழுக்க. பக்கத்துக்காரரின் ஏப்பம் கேட்டே கொலைவெறி வருகிறதென்றால் காரணம் மனசின் ஆழத்தில் இல்லை, நின்றுபோன பாக்கெட்டில் இருக்கிறது.

அடுத்தது முழங்கால். கூடத்தில் கொடுக்கும் தட்டையான திண்டில் அப்படியே உட்காரக் கூடாது. இடுப்பு முழங்காலை விட உயரமாக, நான்கு முதல் ஆறு அங்குலம் மேலே இருக்க வேண்டும். உபரித் திண்டுகள் பெரும்பாலும் கூடத்தின் ஓரத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள், ஒன்றன் மேல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழங்காலும் தரையைத் தொடவில்லை என்றால், தொடாத காலுக்கு அடியில் மடித்த துண்டு. தொங்கும் முழங்கால்தான் இரண்டாம் மணி நேரத்தில் எரியும். முதுகுப் பிரச்சினை, பழைய காயம் உள்ளவர்கள் நாற்காலியையோ சாய்மானத்தையோ முதல் நாளே கேட்க வேண்டும். ஐந்தாம் நாள் வரை பல்லைக் கடித்துவிட்டுக் கேட்டால், 'இப்போதைய வலியா, பழைய காயமா' என்று பிரித்தறிய ஆசிரியருக்கும் சிரமம்.

கால் மரத்துப்போவது சாதாரணம், அசைத்த சில நிமிடங்களில் திரும்பிவிடும். ஆபத்து என்னவென்றால், ஒரு மணி நேரம் முடிந்ததும் மரத்த காலோடு சட்டென்று எழுவது. பாதம் தரையை உணராமல் மடங்கி, கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. இரண்டு கைகளாலும் காலை நீட்டிவிட்டு, விரல்கள் அசைகின்றனவா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அரை மணி நேரம் கழிந்தும் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் அது உறுதிப்பாட்டுச் சோதனை இல்லை. முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். உடனே முகாமில் தொண்டு செய்யும் சேவகரிடம் சொல்லி நாற்காலிக்கு மாறிவிடுங்கள்.

மலச்சிக்கல் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நான்காம் நாள் கழிப்பறைக் கதவுகளைப் பார்த்தால் தெரியும். நடமாட்டம் குறைந்து, சாப்பாட்டு நேரம் மாறி, தண்ணீர் குடிக்க மறந்தால் வேறென்ன ஆகும்? யோகாசனம், உடற்பயிற்சி, ஓட்டம் அனுமதி இல்லை, நடைப்பாதையில் நடக்கலாம். சாப்பிட்டதும் இருபது நிமிட நடை, நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், வாழைப்பழம். இரவுச் சாப்பாடு இல்லையே என்று 11 மணிக்கு மூன்று தட்டு சாதம் போட்டுக்கொள்வதுதான் புதியவர்கள் செய்கிற இன்னொரு தவறு. 1 மணி அமர்வு அரைத் தூக்கத்தில் போய்விடும்.

மனசு சம்பந்தப்பட்டதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அழுகை, பழைய சண்டை நினைவு, எரிச்சல், 'பெட்டியைக் கட்டிவிடலாமா' என்கிற எண்ணம், இவை வரும், போகும். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் இது கூடுதலாக இருக்கும் என்பது முகாம்களில் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆனால் இரண்டு இரவு தொடர்ந்து பொட்டுத் தூக்கம் இல்லை, எண்ணம் ரயில் வேகத்தில் ஓடுகிறது, யாரோ தனக்கு மட்டும் செய்தி சொல்வதாகத் தோன்றுகிறது என்றால் அது 'ஆழம்' இல்லை. அன்றே ஆசிரியரிடம் சொல்லி, பயிற்சியை நிறுத்தி, வீட்டுக்குத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் கிளம்புவதை ஊக்குவிக்க மாட்டார்கள். 'பத்து நாளும் இருப்பேன்' என்று வந்த அன்றே வாக்கு வாங்குவார்கள். அந்த வாக்கு உடல்நலத்தை விடப் பெரியதில்லை.

மௌனத்தைப் பற்றி வெளியே இருப்பவர்கள் பயப்படுகிற அளவுக்கு அது கஷ்டமில்லை. பேச்சு மட்டுமல்லாமல் சைகை, கண் பார்த்துச் சிரிப்பது எல்லாமே தடை. இரண்டாம் நாளிலேயே பழகிவிடும், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு விடுமுறை போல இருக்கும். தேவைக்குச் சேவகரிடமும் ஆசிரியரிடமும் பேசலாம். அறையில் குழாய் ஒழுகுகிறது என்பதைக்கூடச் சொல்லாமல் இருந்து பெருமைப்பட வேண்டியதில்லை. ஜோடியாகவும் நண்பர்களாகவும் சேர்ந்து போகிறவர்கள்தான் மௌனத்தை உடைக்கிறார்கள். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி என்பதால் ஜோடிகளுக்கு வழியில்லை. இரண்டு கல்லூரித் தோழர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் பொரிக் கிண்ணத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாலே அன்றைய மாலை இரண்டு பேருக்கும் போயிற்று. தனியாகப் போங்கள்.

இளைஞர்கள் என்ன நினைத்துப் போகிறார்கள்

பெரும்பாலும் மூன்றில் ஒன்று: போன் பழக்கத்தை விட, வேலைக் களைப்பு தீர, அல்லது ஒரு சவாலை முடித்துக் காட்ட. ட்விட்டரை நடத்திய ஜாக் டோர்சி 2018-இல் மியான்மரில் பத்து நாள் முடித்துவிட்டு வரிசையாக ட்வீட் போட்டார். நாடித்துடிப்புக் கணக்கும் கொசுக்கடி எண்ணிக்கையும் அதில் இருந்தன. ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்ட சூட்டில் அந்த நாட்டுக்குப் போய்வரச் சொன்னதற்காக நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டார். தியானத்தை அளவெடுத்து, முடித்ததற்குச் சான்றாகப் பதிவு போடும் இந்தப் பாணிதான் இப்போது லிங்க்ட்இன் வரை இறங்கியிருக்கிறது. முகாமில் சான்றிதழ் கிடையாது, படம் எடுக்க முடியாது, யார் நன்றாகச் செய்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'எனக்கு உடம்பெல்லாம் மின்சாரம் ஓடியது, உனக்கு?' என்று பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் தொடங்குகிற ஒப்பீட்டைப் பாடமே பயனற்றது என்கிறது. உணர்வு எதுவாக இருந்தாலும் பதறாமல் இருந்தாயா என்பதுதான் அங்கே கேள்வி. இந்த இடத்தில் கோயங்கா முறை கறாராக இருப்பது பாராட்டத்தக்கது.

போன் பழக்கத்துக்கு இதை மருந்தாக நினைத்துப் போவது ஏமாற்றத்தில் முடியும். பத்து நாள் போன் இல்லாமல் இருக்க முடிந்தது, ஏனென்றால் அது பூட்டிய பெட்டியில் இருந்தது. ஞாயிறு காலை கைக்கு வந்ததும் நானூறு வாட்ஸ்அப் செய்திகளோடு பழைய விரல் பழைய இடத்துக்குப் போகும். வேலைக் களைப்புக்கு? தூக்கக் கடன் உள்ளவருக்கு ஆறரை மணி நேரப் படுக்கையும் பத்தே முக்கால் மணி நேரத் தியானமும் ஓய்வாகாது. நான்கு நாள் கோத்தகிரியில் அறை எடுத்து நன்றாகத் தூங்குவதே போதும், எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்டுச் சில நாள் தங்கி, மலையடிவாரத்தில் நடந்துவிட்டு வரலாம். அங்கே அட்டவணை யாரையும் கட்டாது. எதிர்வினை செய்கிற பழக்கத்தைக் கொஞ்சமாவது மாற்ற வேண்டும், அதற்கு ஒரு முறை வேண்டும், அதைச் செய்து பார்க்கத் தயார் என்பவர்களுக்குத்தான் விபஸ்ஸனா.

மதச் சார்பு பற்றிய கேள்வி இளையவர்களிடம் அடிக்கடி வருகிறது. எந்த மதத்தவரும் வரலாம், யாரும் மாறத் தேவையில்லை என்று மையம் சொல்வது உண்மை. அதே நேரம் தொடக்க நாளில் பாலி மொழியில் புத்தம், தம்மம், சங்கம் என்று சரணம் சொல்ல வேண்டும், விடியற்காலையில் பாலி ஓதல் ஒலிக்கும், அமர்வு முடிவில் 'பவது சப்ப மங்களம்' என்று கோயங்கா இழுத்துப் பாடுவார், பழைய மாணவர்கள் 'சாது, சாது, சாது' என்பார்கள். உரைகளில் கர்மவினை, மறுபிறப்பு வரும். பழைய வினைகள் உடலுணர்வாக மேலெழுந்து கரைகின்றன என்கிற விளக்கம் பௌத்தக் கோட்பாடு, ஆய்வகத்தில் நிரூபித்த அறிவியல் இல்லை. உரையில் 'அறிவியல்' என்ற சொல் தாராளமாகப் புழங்கும், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்கலாம். பயிற்சியைச் செய்ய அந்த நம்பிக்கை தேவையில்லை என்பதை உரையிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பத்து நாளும் தொழுகை, ஜபம், விரதம், வேறு தியான முறை எதையும் கலக்கக் கூடாது என்கிறார்கள். அதை விட முடியாதவர்கள் விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

காசு

பத்தாம் நாள் வரை நன்கொடை பேச்சே கிடையாது. முடித்தவர்களிடம் மட்டுமே வாங்குகிறார்கள், முடிக்காதவர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் பலர் முன்பு இதே முகாமை முடித்துவிட்டுச் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தவர்கள். உங்கள் பி.ஜி. விடுதியில் பதினொரு நாள் அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கையில் இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். கேரளத்தில் மூன்று நாளுக்கு ஐந்திலக்கத்தில் கட்டிவிட்டு, இங்கே நன்கொடை மேசையைப் பார்க்காத மாதிரி நகர்வது கொஞ்சம் அசிங்கம்தான்.

இலவசம் என்பதால் குறை சொல்லக் கூடாதா? சொல்லலாம். அறையும் கழிப்பறையும் மையத்துக்கு மையம் மாறுகின்றன என்பதைப் படத்தோடு தளத்தில் போட்டால் நல்லது. சாய்மானம் உள்ளிட்ட வசதிகளைக் கேட்டால்தான் கிடைக்கும் என்பதை முதல் இரவே எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். முடிந்த பிறகு மனநிலை சரியில்லாதவர் யாரை அழைப்பது என்பதற்கு இன்னும் தெளிவான வழி தேவை. கோயங்கா குரலின் இழுவையைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, ஐந்தாம் நாளுக்குள் பழகிவிடும்.

வெளியே வந்த பிறகு காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். சென்னைப் போக்குவரத்தில் இரண்டு மணி நேரம் தொலைப்பவர்களால் இது பெரும்பாலும் முடிவதில்லை. முடியவில்லை என்று முழுவதையும் விட்டுவிடுவதை விடக் காலையில் இருபது நிமிடம் உட்காருவது நிலைக்கும். ஒரு நாள் முகாம்களும் மூன்று நாள் முகாம்களும் முடித்தவர்களுக்கு மட்டும் உண்டு. புதியவர்களுக்குச் சுவை பார்க்க வேண்டுமானால் பத்து இருபது நிமிட ஆனாபானா பயிற்சி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை கோராயில் உள்ள குளோபல் விபஸ்ஸனா பகோடாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் அங்கேயே சிறிது நேரம் சொல்லித்தருகிறார்கள். முகாம் முடிந்த முதல் வாரத்தில் ராஜினாமாக் கடிதம், பிரிவுச் செய்தி, கடன் வாங்கி இமயமலைப் பயணம் போன்ற முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். அந்த வாரத்தில் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிவதாகத் தோன்றும்.

விடுப்பு கிடைக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் உறுதிக் கடிதத்தில் இருக்கும் ரத்து இணைப்பை அன்றைக்கே அழுத்துங்கள். காசு கட்டவில்லை என்பதால் சொல்லாமலே வராமல் இருந்துவிடுபவர்கள் இந்தத் தலைமுறையில் அதிகம் என்பது மையங்களில் வழக்கமான புலம்பல். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கும் எட்டு நாள் விடுப்பு கேட்க வேண்டியிருக்கிறது, ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. முந்தின நாள் இரவு காலியாகிற இடத்தை மையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் மட்டும்தான் பிடிக்க முடியும்.